ரோகிணி டீச்சரும் நாற்பது இணைப்புகளும்

ரோகிணி டீச்சரிடம் படித்த யாரைக் கேட்டாலும் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய ஒரே கேள்விதான்: சரிபார்த்தியா? கொட்டாம்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். விடை சரியாகவே இருந்தாலும், அதைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்த கடைசி வரி இல்லையென்றால் ஒரு மதிப்பெண் போய்விடும். "விடை தானா வந்து விழுந்துச்சா, நீயாக் கொண்டாந்தியான்னு எனக்கு எப்புடித் தெரியும்?" என்பார். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே சரிபார்ப்பார்கள். வீட்டிலும் இதே கதைதான். கேஸை அணைத்துவிட்டேன் என்று கணவர் சூரியபிரகாஷ் சொன்னால், எழுந்து போய்க் கையால் திருகிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அப்படிப்பட்ட மனுஷி முன்பின் தெரியாத நாற்பது பேரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார் என்றால், சொல்கிற என்னைத்தான் சந்தேகப்படுவீர்கள். ஆனால் அதுதான் நடந்தது.

மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் பள்ளிக்குப் போய்வருகிறவர் அவர். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் கணக்கு அனுப்பிக் கை ஓய்ந்துபோய், ஒரு வலைப்பூ தொடங்கினார். 'கணக்கு நம்ம பக்கம்' என்று பெயர். பத்தாம் வகுப்புக் கணக்குகளைத் தன் கையெழுத்திலேயே போட்டுப் படம் எடுத்து ஏற்றுவார். பள்ளி திறந்த பிறகும் அது நின்றுவிடவில்லை. ஒருநாள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே தப்பான விடையை எழுதிக்கொண்டு வந்தார்கள்.

"நெட்டுல அப்புடித்தான் டீச்சர் இருந்துச்சு."

"நம்ம பக்கத்தப் பாக்க வேண்டியதுதானே?"

"தேடுனா வர மாட்டேங்குது டீச்சர்."

தப்பும் தவறுமாக எழுதியவன் பக்கம் முன்னால் நிற்கிறது, தன் பக்கம் எங்கோ பின்னால் கிடக்கிறது என்பது டீச்சருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதம் பசுமலையில் நடந்த ஆசிரியர் பயிற்சியில், வலைப்பூ நடத்தும் சாய்ராம் சாரிடம் அந்த ஆற்றாமையைச் சொன்னார். சாய்ராம் சார் சிரித்தார்.

"நல்லா எழுதுறது வேற, மேல வர்றது வேற டீச்சர். நாலு பேரு உங்க பக்கத்தக் கைகாட்டுனாத்தான் கூகுளுக்கு உங்க மேல மதிப்பு வரும். எங்க குரூப்புல நாப்பது ஆசிரியர்கள் இருக்கோம். நீங்க எங்க லிங்க்கப் போடுங்க, நாங்க உங்க லிங்க்கப் போடுறோம்."

மதுரைச் சீமையில் பிறந்தவருக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. நாம் செய்தால் நமக்குச் செய்வார்கள். காதுகுத்துக்கு வைக்கிற பேனரைப் பாருங்கள். ஊரில் உள்ள முகமெல்லாம் அதில் இருக்கும். என் பேனரில் உன் முகம், உன் பேனரில் என் முகம். அந்த முகத்துக்காரர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை, விசாரித்தால் மரியாதையும் இல்லை. டீச்சரும் தன் பக்கத்தின் அடியில் நாற்பது இணைப்புகளையும் வரிசையாக வைத்தார். வாத்தியார்கள்தானே என்கிற நம்பிக்கை.

பலன் கைமேல் கிடைத்தது. இரண்டே மாதத்தில் 'கணக்கு நம்ம பக்கம்' தேடலில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் அறிவித்துக் கைதட்டச் சொன்னார். தருமபுரியிலிருந்து ஓர் அம்மா போன் போட்டு, தன் பையன் இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் தேறினான் என்றார். பெருமை பிடிக்காது என்று சொல்கிறவர்களுக்கும் அது தித்திக்கத்தான் செய்யும். டீச்சருக்கும் தித்தித்தது.

பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாண்டிச்செல்வி பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். வகுப்பில் கணக்கை ஆசையாகப் போடுகிற பிள்ளைகளில் ஒருத்தி. அவளுடைய அப்பா விருமாண்டி தேங்காய் லோடு ஏற்றுகிறவர். டீச்சர் போன் செய்தபோது அவர்தான் எடுத்தார்.

"அவ இனிமே வரமாட்டா டீச்சர். அவ அத்த திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னுருக்கு. பனியன் கம்பெனியில வேல இருக்காம்."

"என்னண்ணே இது, பரீட்சை நெருங்கிருச்சு."

"போன வச்சு அவ படிச்ச படிப்பு போதும் டீச்சர்." அதோடு வைத்துவிட்டார்.

மதிய இடைவேளையில், பாண்டிச்செல்வியின் பக்கத்து வீட்டுப் பிள்ளை முத்துமீனாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அவங்க அப்பா போன்லதான் அவ படிப்பா டீச்சர். அவரு டீக்கடையில இருந்தப்ப அதுல ஒரு பொம்பளப் படம் வந்துச்சாம். 'தனியா இருக்கீங்களா'ன்னு கேட்டு. கூட இருந்தவங்கல்லாம் சிரிச்சுட்டாங்களாம். வீட்டுக்கு வந்து செல்வியக் கேட்டுருக்காரு. அவ, நம்ம கணக்குப் பக்கத்துல விடைக்குறிப்ப அமுக்குனேன், அதுல இருந்துதான் வந்துச்சுன்னு சொல்லிருக்கா. டீச்சர் மேலயே பழியப் போடுறியான்னு அடிச்சுட்டாரு."

டீச்சர் நேராக ஆசிரியர் அறைக்குப் போய்த் தன் பக்கத்தைத் தன் போனிலேயே திறந்தார். அடியில் இருந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் ஒழுங்காகத்தான் இருந்தன. 'அறிவுச்சுடர் – பத்தாம் வகுப்பு விடைக்குறிப்புகள்' என்று தானே தட்டச்சு செய்திருந்த இணைப்பை அமுக்கியதும் சீட்டுக்கட்டு விரிந்தது. பின்னாலேயே அரைகுறை உடையில் பெண்கள். 'அனுமதி' என்று ஒரு பொத்தான். விடைக்குறிப்பை இறக்கத்தான் அனுமதி கேட்கிறார்கள் என்று பதினைந்து வயதுப் பிள்ளை நினைத்து அமுக்கியிருப்பாள். அதன் பிறகு அந்தக் கண்றாவிச் செய்திகள் போனுக்குத் தானாக வந்துகொண்டே இருக்கும்.

சாய்ராம் சாருக்குப் போன் போட்டு, பாண்டிச்செல்விக்கு நடந்ததையும் சேர்த்துச் சொன்னார். அவருக்கு விஷயம் உடனே பிடிபட்டது. அறிவுச்சுடரை நடத்திய ஆசிரியர் ஓய்வு பெற்று, எழுதுவதை விட்டுவிட்டு, அந்த இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் இருந்துவிட்டார். அதை யாரோ வாங்கிவிட்டார்கள். குடியிருந்தவர் காலி செய்துபோன வீட்டில் பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்க, உள்ளே வேறொருவன் வந்து சூதாட்டக் கடை போட்டுவிட்டான்.

"அம்புட்டுத்தானே டீச்சர், அந்த ஒண்ண மட்டும் தூக்கிருங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"எல்லாத்தையுமே எடுத்துரலாம்னு பாக்குறேன் சார்."

"அப்ப அவங்களும் உங்களத எடுத்துருவாங்க. பழையபடி நாலாம் பக்கத்துக்குப் போயிருவீங்க. அதுவும் இப்ப நேரம் சரியில்ல. இந்த மாதிரி மாத்தி மாத்திக் கைகாட்டுறதக் கூகுள் கண்டுபிடிச்சா குரூப்போட சேத்து இறக்கி விட்டுரும். சத்தமில்லாம இருக்குறதுதான் நல்லது."

"இது மொதல்லயே தெரியுமா சார்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே டீச்சர்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்தப் புள்ள வீட்டுக்குப் போயி நீங்களா எதையும் ஒத்துக்கிடாதீங்க. பெட்டிசன் கிட்டிசன்னு போட்டா, உங்க வேலைக்குத்தான் ஆபத்து."

அவர் கெட்டவரில்லை. நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். டீச்சருக்கும் ஒரு நிமிடம் அது நல்லதாகவே பட்டது. இணைப்பை எடுத்துவிட்டால் ஓர் அடையாளமும் இருக்காது. வேலையும் பெயரும் தப்பும். ஆனால் பாண்டிச்செல்வி பொய்க்காரியாகவே திருப்பூர் பஸ் ஏறுவாள். நீக்குகிற இடத்தில் வைத்த விரலை டீச்சர் எடுத்துக்கொண்டார். வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸப் குழுவில், நம் பக்கத்தை நாளைவரை யாரும் திறக்க வேண்டாம் என்று எழுதிப் போட்டார். பள்ளி விட்டதும் மேலூர் பஸ்ஸுக்கு நிற்காமல் முத்துமீனாவோடு நடந்தார்.

விருமாண்டி வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே பார்த்து டீ போடச் சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"உங்கள அலைய விட்டுட்டேன் டீச்சர். ஆனா முடிவு பண்ணியாச்சு. கழுத தப்பும் பண்ணிட்டு உங்க பேரச் சொல்லுது. அதத்தான் தாங்க முடியல."

"அண்ணே, உங்க போன எடுங்க. நான் தொட மாட்டேன். நான் சொல்றத மட்டும் அமுக்குங்க."

அவர் எடுத்தார். பக்கம் திறந்தது. மேலே டீச்சரின் பெயர், பள்ளியின் பெயர். "நம்ம டீச்சருதான்," என்றார், வீட்டுக்காரியிடம் காட்டுவதுபோல. அடியில் போகச் சொன்னார் டீச்சர். 'விடைக்குறிப்புகள்' என்று இருந்ததை விருமாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அமுக்குங்கண்ணே."

அமுக்கினார். வந்ததைப் பார்த்த மாத்திரத்தில் போனைத் தொடையில் கவிழ்த்துவிட்டார். பெண்பிள்ளைகள் நிற்கிற இடம். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இந்த வழிய அங்க வச்சது நாந்தாண்ணே. என் பக்கம் மேல வரணும்னு வச்சேன். உங்க மக அந்த வழியில போயிட்டா. அவ மேல தப்பே இல்ல. என் மேலதான்."

விருமாண்டி உரித்த மட்டையைக் காலால் ஒதுக்கினார்.

"அப்ப அன்னைக்கு எம்புள்ள சொன்னது நெசமா?"

"நெசம்னு அன்னைக்கே சொன்னேன்ப்பா," என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. பாண்டிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அவள் பார்வை அப்பாவைத் தாண்டி டீச்சரிடம் வந்து நின்றது.

"டீச்சர், நீங்க அத சரிபாக்கலயா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அதனால்தான் அது அப்படி வலித்தது. இத்தனை வருடமாக எத்தனையோ பிள்ளைகளின் தலைக்கு மேல் நின்று கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடியாமல் அவர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்பது டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏய், டீச்சர்கிட்ட என்ன பேச்சு," என்றார் விருமாண்டி.

"கேக்கட்டும்ணே. நான் சொல்லிக்குடுத்ததுதானே." டீச்சர் பிள்ளையைப் பார்த்தார். "இல்லம்மா. நான் பாக்கல."

அங்கேயே உட்கார்ந்து இணைப்புகளை ஒவ்வொன்றாக நீக்கினார். பிறகு விருமாண்டியின் போனை வாங்கி, அந்தச் செய்திகள் இனி வராதபடி நிறுத்திக் கொடுத்தார். டீ ஆறிப்போயிருந்தது, குடித்தார். விருமாண்டி மகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போனை அவள் கையில் கொடுத்து, "திங்கக்கெழம எத்தன மணிக்குப் பள்ளிக்கூடம்?" என்று மட்டும் கேட்டார். அவளும் மணியைச் சொன்னாள். அந்த வீட்டில் அதற்கு அதுதான் அர்த்தம்.

நடந்ததை மறைக்காமல் டீச்சர் தன் பக்கத்தில் எழுதிப் போட்டார். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கொஞ்சம் சத்தம் போட்டார். பெட்டிசன் எதுவும் வரவில்லை. குழுவிலிருந்து சாய்ராம் சார் அவரை நீக்கினார். சொன்னபடியே மிச்சமிருந்த முப்பத்தொன்பது பேரும் தங்கள் இணைப்புகளை எடுத்தார்கள், 'கணக்கு நம்ம பக்கம்' நாலாம் பக்கத்துக்கும் கீழே போனது. கோடை விடுமுறைக்குள் அந்தக் குழுவிலிருந்த வலைப்பூக்கள் எல்லாமே தேடலில் காணாமல் போயின என்று கேள்விப்பட்டபோது டீச்சருக்குச் சந்தோஷமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. தருமபுரி அம்மாவிடமிருந்து அப்புறம் போன் வரவேயில்லை. அது மட்டும் கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தது.

பாண்டிச்செல்வி பரீட்சை எழுதித் தேறி, பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். ஆடி மாதம் ஊரில் கூழ் ஊற்றியபோது, டீச்சர் கட்டாயம் வர வேண்டும் என்று விருமாண்டியே நேரில் வந்து கூப்பிட்டார். போனார்.

விருமாண்டி வீட்டில் போன் சார்ஜ் போடுகிற இடத்துக்கு மேலே, சுவரில் தேங்காய் வியாபாரிகளின் நம்பர்கள், மாட்டு டாக்டரின் நம்பர், கரண்டு ஆபீஸ் நம்பர் எல்லாம் எழுதியிருந்தன. அவற்றுக்கு நடுவே தன் பக்கத்தின் முகவரி ஆங்கில எழுத்துகளில் கோணல்மாணலாக இருப்பதை டீச்சர் பார்த்தார்.

"நாந்தான் எழுதுனேன்," என்றார் விருமாண்டி. "தேடுனா நீங்க வர மாட்டேங்குறீகளே டீச்சர். சின்னவன் படிக்கணும்ல."

அதற்கு அடியில், வேறு கையெழுத்தில், பாண்டிச்செல்வி ஒரு வரி எழுதியிருந்தாள்: சரிபார்த்தாச்சு.