ஒரு துண்டு குறைவாக ஒரு கேக்

கோகோ தூளின் மேல் கொதிக்கக் கொதிக்க டிகாஷனை ஊற்றினால் ஒரு வாசனை எழும்பும். காபிக் கடையும் மிட்டாய்க் கடையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட மாதிரி இருக்கும். போன சனிக்கிழமை பொம்மனஹள்ளியில் என் ஃபிளாட் முழுக்க அந்த வாசனைதான். மூன்று அடுக்கு சாக்லேட் கேக். யாருக்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். செத்துப்போய் ஒரு வருடமான என் அத்தைக்கு. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. மறுநாள் அவளுக்கு வருஷப் படையல்.

அவள் இவள் என்கிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள். இருந்தவரை வார்த்தைக்கு வார்த்தை மரியாதை போட்டாயிற்று. இனி முடியாது.

அத்தை மகன் முரளி அத்தான்தான் போன் செய்தார். "அம்மாவுக்கு சாக்லேட் கேக்னா உயிரு. நீதான் நல்லா பேக் பண்றியே. படையலுக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வாயேன்." அதுக்கென்ன அத்தான், ஜமாய்ச்சிடலாம் என்றேன். அவர் மூன்று தடவை தேங்க்ஸ் சொன்னார். நல்ல மனுஷன். இப்படி ஒரு அழைப்புக்காக நான் சின்ன வயதிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது முட்டையும் சர்க்கரையும் அடிக்க பீட்டர் இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு மொபைலில் ரீல்ஸ் பார்க்கலாம். எங்கள் விவேக் நகர் வீட்டில் அம்மாவின் கைதான் பீட்டர். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் தேக்சா பாத்திரத்தை இறுக்கிக்கொண்டு மரக்கரண்டியால் அடித்துக்கொண்டே இருப்பாள். கை மாற்ற மாட்டாள். ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தத் தெருவில் கிறிஸ்துமஸ் வந்தால் பாதி வீடுகளில் கேக் வாசனைதான். பக்கத்து வீட்டு ஆன்ட்டி செய்வதை வாசற்படியில் நின்று பார்த்தே அம்மா கற்றுக்கொண்டாள். டிகாஷன் விடுவது மட்டும் அவள் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு நாள் வெந்நீருக்குப் பதிலாக, மீந்த டிகாஷனைக் கொட்டக் கூடாதே என்று ஊற்றினாளாம். அப்படியே நிலைத்துவிட்டது.

மாவு எங்கள் வீட்டில். ஓவன் அத்தை வீட்டில். எல்லா வம்பும் இங்கேதான் ஆரம்பம்.

வட்டமான அலுமினிய ஓவன் அது. மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. எங்கள் சொந்தத்திலேயே அத்தையிடம் மட்டும்தான் இருந்தது. அதைத் துடைத்து, பூப்போட்ட துணி போர்த்தி, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு தனி ஸ்டூலில் வைத்திருப்பாள். என் பிறந்தநாளுக்கு நான் தேக்சாவைத் தூக்கிக்கொள்ள, அம்மா நெய் தடவிய தட்டுகளை எடுத்துக்கொள்ள, இரண்டு தெரு தள்ளி அத்தை வீட்டுக்குப் போவோம். பின்வாசல் வழியாகத்தான். முன்னால் போனால் மாவு ஒழுகி ஹால் கெட்டுவிடுமாம். ஒரு சொட்டுகூட ஒழுகாது, நான் அவ்வளவு பத்திரமாகத் தூக்குவேன்.

ஒவ்வொரு வருடமும் கேக் ஒரு துண்டு குறைவாகத்தான் திரும்பி வரும். "வெந்திருக்கான்னு பாக்க வேணாமா?" என்பாள் அத்தை. வெந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஈர்க்குச்சி போதும் என்று எனக்கே தெரியும். இவளுக்கு முக்கோணமாக ஒரு துண்டு வேண்டும், அதுவும் நல்ல அகலமாக, நடு வரைக்கும். என் சின்ன வயது போட்டோக்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் கேக்கின் வெட்டுப்பட்ட பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். அப்பா அப்படித் திருப்பி வைத்துத்தான் எடுப்பார். அக்காவிடம் கேட்க அவருக்கு வாய் வராது. ஆபீசில் மேலதிகாரியைக் கிழிகிழி என்று கிழிக்கிற மனுஷர்.

துண்டோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். சத்தியமாக.

நான் அஞ்சாங்கிளாஸ் படித்த வருடம் அம்மா முதல்முறையாக அடுக்கு கேக் செய்தாள். இரண்டு தட்டு, நடுவில் கோகோ போட்ட பட்டர் ஐசிங், மேலே வெள்ளை ஐசிங்கில் என் பெயர். நல்ல வெயில் காலம். ஐசிங் உருகிவிடும் என்று கேக்கை அத்தையின் ஃபிரிட்ஜிலேயே வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம். நான் அன்று மதியம் தூங்கவே இல்லை. தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தேன்.

சாயங்காலம் போனால் அத்தை வீட்டு வாசலில் புதுச் செருப்புகள். அத்திபெலேயிலிருந்து முரளி அத்தானுக்குப் பெண் கொடுக்க வீடு பார்க்க வந்திருந்தார்கள். நாங்கள் வழக்கம்போல் பின்வாசல் வழியாக நுழைந்தோம். சமையலறையிலிருந்து பார்த்தால் ஹால் தெரியும். டீப்பாயில் என் கேக். என் பெயரைக் கத்தியால் வழித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முந்திரியை வரிசையாகக் குத்தி வைத்திருந்தாள் பாவி.

"நமக்கெல்லாம் கடையில வாங்கற பழக்கமே இல்லீங்க. எல்லாம் வீட்லயே, என் கையாலயே செஞ்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. உள்ளே வந்து, "சரோஜா, வந்துட்டியா, நல்லதாப் போச்சு. ஆறு காபி போட்டுடும்மா" என்றாள். அம்மா காபி போட்டாள். நான் பொறுக்க மாட்டாமல் ஹாலுக்குள் போய், "அது என் கேக்" என்றேன். அத்தை என் தலையைத் தடவி, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "கொழந்தைக்குக் கேக்னா அவ்ளோ ஆசை." எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் இரண்டு பிஸ்கெட்டைத் திணித்து உள்ளே அனுப்பினாள். அதோடு விட்டாளா? போகும்போது, "பொண்ணுக்குக் குடுங்க" என்று ஒரு டிபன் டப்பாவில் போட்டு வேறு கொடுத்தனுப்பினாள். அடுத்தவள் கேக்கில் என்ன ஒரு தாராளம்.

அன்று ராத்திரி அப்பா பேக்கரியிலிருந்து ஒரு பன் வாங்கி வந்து அதில் மெழுகுவத்தி குத்தினார். "அக்கா பையன் கல்யாண விஷயம்டி. கேக்தானே, விடு" என்றார். அம்மா விட்டுவிட்டாள். எப்படி விட்டாள் தெரியுமா? அதற்குப் பிறகு கேக்கே செய்யவில்லை. வேலைக்குச் சேர்ந்து என் முதல் சம்பளத்தில் நான் அவளுக்குப் புடவை வாங்காமல் ஓவன் வாங்கினேன். அதில் அவள் கை வைக்கவே இல்லை. ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் டிகாஷன்", "அடிச்சது போதும்" என்று வாயால் சொல்வாள். நான் செய்வேன்.

கல்யாணம் அந்தப் பெண்ணோடேயே நடந்தது. லதா அக்கா. அன்றிலிருந்து எந்த விசேஷமானாலும், வளைகாப்போ கிரகப்பிரவேசமோ, அத்தைக்கு ஒரே கதைதான். "என் கேக்கைச் சாப்ட்டு மயங்கித்தானே பொண்ணு குடுத்தாங்க." என் அம்மாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வாள். அம்மாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து, ஏம்மா வாயத் தொறக்கலை என்று கத்தினால், "விடுடி" என்று மாவு சலிக்கப் போய்விடுவாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த கேக்கைச் செய்தது சரோஜா என்று அந்த வீட்டில் ஒரு தடவை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அத்தை சொல்லவில்லை. தொண்ணூறு வயதில் படுக்கையில் கிடந்தபோதுகூட, பார்க்கப் போன என்னிடம் அதே கதையைத்தான் சொன்னாள். பிறகு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அந்த நிம்மதியான சாவைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

படையலுக்கு வைப்பதை யாரும் முன்னால் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். உப்புகூடப் பார்க்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை, சாக்லேட் வழவழவென்று இறுகியிருந்த அந்த மூன்றடுக்கை மேஜைமேல் வைத்து நான் கத்தியை எடுத்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தடுப்பாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து கேக்கைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். "சுடுதண்ணியில முக்கிட்டு வெட்டு. இல்லன்னா அப்பிக்கும்" என்றாள்.

முக்கி வெட்டினேன். அந்தத் துண்டை நின்றுகொண்டே தின்றேன். நானே சொல்லக் கூடாது, பிரமாதம். அம்மாவுக்கு நீட்டினேன், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

ஞாயிறாக இருந்தும் சில்க் போர்டு சிக்னலில் வழக்கமான கூட்டம். அம்மா மடியில் டப்பாவை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விவேக் நகரில் தெரு மட்டும்தான் பழசு. அத்தை வீட்டை இடித்து மாடி மாடியாகக் கட்டி, முதல் மாடியில் முரளி அத்தான் இருக்கிறார். மற்றதெல்லாம் வாடகை. பின்வாசல் இருந்த இடத்தில் லிஃப்ட். லிஃப்டில் ஏறும்போது நான் அதை அம்மாவிடம் சொன்னேன், அவள் டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் போட்டோவுக்கு மாலை. இலையில் மட்டன் குழம்பு, முட்டை, கேசரி, வெற்றிலை. நடுவில் என் கேக். அத்தான் குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரு துண்டு காணோம்?" என்றார்.

"வெந்திருக்கான்னு பாத்தேன் அத்தான்."

எத்தனை வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தை. ஒருவருக்கும் உறைக்கவில்லை. "பரவால்ல, அம்மா அதெல்லாம் பாக்க மாட்டாங்க" என்று வெட்டுப்பட்ட பக்கத்தை அவர் சுவரோரம் திருப்பி வைத்தார். தன் மாமனிடமிருந்து, காலமான என் அப்பாவிடமிருந்து, கற்றுக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. அவர் அந்தப் பக்கம் போனதும் நான் அதைப் போட்டோவுக்கு நேராகத் திருப்பினேன். அத்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் போட்டோவில் வேறென்ன செய்வாள்?

கற்பூரம் காட்டி, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக லதா அக்கா ஒரு துண்டு கேக்கோடு உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இதுல காபி போட்டிருக்கியா?"

"டிகாஷன்."

"இது அந்த கேக். எங்கப்பா டப்பாவுல கொண்டாந்து குடுத்தாரே, அது." தட்டைக் கீழே வைத்தார். "கல்யாணம் ஆன புதுசுல அத்தைகிட்ட எத்தன வாட்டி கேட்டிருப்பேன், செஞ்சு குடுங்கன்னு. ஓவன் ரிப்பேருன்னாங்க. கோகோ நல்லதா கெடைக்கலன்னாங்க. ஒரு வாட்டிகூட செய்யல. நான் கேட்டா மூஞ்சி ஒரு மாதிரி போவும், விட்டுட்டேன். உனக்கு மட்டும் சொல்லிக் குடுத்தாங்களா?"

இதோ வந்துவிட்டது, கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அம்மாவின் குரல் வந்தது.

"அவங்க சொல்லிக் குடுக்கல. அது நான் செஞ்சது. இவ பொறந்தநாளுக்கு. ஃபிரிட்ஜுல வெச்சுட்டுப் போனேன், அண்ணி எடுத்து உங்க வீட்டு ஆளுங்களுக்கு வெச்சிட்டாங்க. பேரைக்கூட சொரண்டிட்டாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அத்தான் முகம் கறுத்தது. "இன்னைக்குப் போய் எதுக்கு அதெல்லாம்" என்றார். "என்னைக்கு சொல்றது?" என்றாள் அம்மா. கோபமே இல்லாத குரலில். அத்தான் எழுந்து கை கழுவப் போய்விட்டார். லதா அக்கா மட்டும் எழுந்து போய், போட்டோ முன்னால் இருந்த கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தார். "சாப்டுங்கம்மா."

அம்மா ஒரு துண்டு சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "அன்னைக்கு நான் இதை ருசிகூடப் பாக்கல" என்றாள். அதுவரை எனக்கு அது தெரியாது. என் பிறந்தநாள், என் கேக், என் பகை என்றே இத்தனை வருடம் கறுவிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது அத்தான் கீழே வந்து வழியனுப்பவில்லை. அதற்காக எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அத்தையை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்த்தீர்களானால், அதுவும் இல்லை. கோரமங்களா தாண்டும் வரை அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்டி அவங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போதும்மா உன் நல்ல மனசு."

"நல்ல மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. "மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன்."