ஒப்புக்குப் படுத்தவர்

என் தங்கை வீட்டுக்காரரை எங்கள் தெருவில் ராக்கெட் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி வீட்டைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். அவர் ராக்கெட்டில் போனவர் இல்லை. ராக்கெட்டைக் கிட்டத்தில் பார்த்தவரும் இல்லை. ராக்கெட்டில் போகிறவனுக்காகக் கட்டிலில் படுத்தவர். அதுவும் ஒப்புக்குப் படுத்தவர். இதைச் சொல்ல வந்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. நடுவில் நாலு வார்த்தை காரமாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்குத் தொழில் டைல்ஸ் ஒட்டுவது. நான் டைல்ஸ் கடைக்கு வண்டி ஓட்டுகிறேன். பெட்டிகளை நான் கொண்டுபோய் இறக்குவேன், அவர் அதைத் தரையாக்குவார். அந்தப் பழக்கத்தில்தான் தங்கையைக் கொடுத்தோம். டைல்ஸ் வேலையைக் கைவேலை என்று நினைப்பார்கள், பாதிக்கு மேல் அது கால்வேலை. காலையில் குந்தினால் சாயங்காலம் வரை குந்தினபடியே பின்னால் நகர்ந்துகொண்டு போக வேண்டும். மற்றவர்கள் நாலு கல் ஒட்டிவிட்டுத் தரையில் கை ஊன்றி, சுவரைப் பிடித்து, அம்மா அப்பா என்று எழுந்திருப்பார்கள். மாப்பிள்ளை இரண்டு கையிலும் கல்லை வைத்துக்கொண்டு விருட்டென்று எழுவார். தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று பாயிலிருந்து அப்படித்தான் எழுந்தார். எங்கள் அம்மாவுக்கு அதிலேயே பிடித்துப் போய்விட்டது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "எத்தன நாளைக்கு மச்சான் இன்னொருத்தர்கிட்ட கூலிக்குக் குந்திக்கிட்டிருக்கிறது? சொந்தமா ஒரு கட்டிங் மெஷின் வாங்கி, சொந்தமா வேல எடுத்து, சொந்தக் கால்ல நிக்கணும்." இதை என் வண்டியில் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியாது.

ஊருக்கு வெளியே விண்வெளி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டப் போனபோதுதான் அவருக்கு அந்தச் செய்தி காதில் விழுந்தது. ஆரோக்கியமான ஆண்கள் வேண்டுமாம். இரண்டு மாதம் படுத்தே இருக்க வேண்டுமாம். அதற்குச் சம்பளமாம்.

"படுக்கிறதுக்குச் சம்பளம் தர்ற ஊரு உண்டா? ஏதோ வில்லங்கம் இருக்கு மாப்ள" என்றேன்.

"வில்லங்கம் ஒண்ணும் இல்ல மச்சான். மேல போனா உடம்புக்கு எடையே கெடையாதாம். காலுக்கு வேல இல்லாம எலும்பு மெலிஞ்சு போயிடுமாம். இங்க தரையில அத எப்படிப் பாக்கிறது? தலைய எறக்கி, கால ஏத்திப் படுக்க வெச்சா உடம்பு கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகுதாம். எலும்பு தேயாம இருக்க ஒரு அம்மா மெஷின் கண்டுபுடிச்சிருக்காங்க. அத எங்கள வெச்சுத்தான் சோதிச்சுப் பாக்கப் போறாங்க."

அந்த மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. மல்லாந்து படுத்துக்கொண்டே இரண்டு காலாலும் ஒரு தகட்டை உதைக்க வேண்டும். உதைத்தால் ஒரு கனமான சக்கரம் சுழலும், சுழன்ற வேகத்தில் காலைத் திருப்பி இழுக்கும். எவ்வளவு பலமாக உதைக்கிறோமோ அவ்வளவு பலமாக இழுக்கும். எடை இல்லாத இடத்திலும் காலுக்குச் சுமை கிடைக்கும். அந்த என்ஜினியர் அம்மா பத்து வருஷம் பாடுபட்டுச் செய்தது. நல்ல மெஷின்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. மாப்பிள்ளை அதில் தன் காலை வைக்கப் போகிற நாளை நினைத்தே பாதி மயங்கிப் போயிருந்தார்.

தங்கை அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை. நல்லா இருக்கிற மனுஷனைக் கட்டிலில் கிடத்துவதா என்று என்னிடம் அழுதாள். அவர் கேட்கிற ஆளா? ரத்தம், இதயம், எலும்பு எல்லாம் சோதித்து, அப்பழுக்கில்லாத உடம்பு என்று தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான் ராக்கெட்.

படுக்கப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. எல்லாருக்கும் மெஷின் கிடையாதாம். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேரைத்தான் மெஷினுக்கு எடுத்தது. மீதிப் பாதி சும்மா படுத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை மீதிப் பாதியில் விழுந்தார். மாற்றித் தரச் சொல்லி என்ஜினியர் அம்மாவிடம் கெஞ்சியிருக்கிறார். அந்த அம்மா முகம் சுளிக்காமல் விளக்கம் சொல்லியிருக்கிறாள். எல்லாருமே மெஷினை மிதித்தால், எலும்பைக் காத்தது மெஷின்தான் என்று எப்படித் தெரியும்? மிதிக்காதவர்கள் எலும்பு எவ்வளவு தேய்ந்தது என்று பார்த்தால்தானே தெரியும்? அவர்களுக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயராம்.

நானும் தங்கையும் பார்க்கப் போனோம். நீளமான வெள்ளை அறை. கட்டில்களின் கால்பக்கம் உயர்ந்து, தலைப்பக்கம் தாழ்ந்து இருந்தது. மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் வீங்கி, கண் சிவந்து, ஆள் ஒரு மாதிரி இருந்தார். சாப்பாடு, குளியல், மற்றதெல்லாம் படுத்தபடியேதான். பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர், அவர் மெஷின் குழு. அப்போதுதான் மெஷினை அவர் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சக்கரம் உய்யென்று சுழல ஆரம்பித்தது. மாப்பிள்ளை அதைத் திரும்பிப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீங்க மாப்ள?" என்றேன்.

"எனக்கென்ன மச்சான். சின்ன வயசுல வெளையாட்டுல சேத்துக்குவோமே, ஒப்புக்குச் சப்பாணி? அதான் நான்."

அவர் சிரித்தார், கண்டக்டர் உதைப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார், நர்ஸ் பெண்கூடச் சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று கட்டில் கம்பியில் பட்டென்று அடித்தாள்.

அடுத்த முறை போனபோது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. என்னவென்று கேட்டால், மாட்டிக்கொண்டாராம். கண்டக்டரின் சக்கரம் சுழல்கிற நேரம் பார்த்து இவரும் போர்வைக்குள்ளே காலை மடக்கிக் கட்டிலின் கால்பக்கக் கம்பியை உதைத்துப் பார்த்திருக்கிறார். நாலைந்து நாள் நடந்திருக்கிறது. மேலே இருக்கிற கேமரா காட்டிக்கொடுத்துவிட்டது. என்ஜினியர் அம்மாவே வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, "நீங்க இப்படிச் செஞ்சா முடிவு தப்பா வந்துடும். சும்மா இருக்கிறதுதான் உங்க வேல" என்று சொல்லியிருக்கிறாள்.

"இஷ்டம் இல்லன்னா எப்ப வேணா போலாம்னுதானே எழுதி வாங்கியிருக்காங்க? எந்திரிச்சு வாங்க, வண்டி வெளியதான் நிக்குது" என்றேன்.

"இல்ல மச்சான். வேலன்னு சொல்லிட்டாங்க. ஒத்துக்கிட்ட வேலையப் பாதியில போட்டுட்டு வந்து எனக்குப் பழக்கம் இல்ல."

அதற்குப் பிறகு அவர் காலை அசைக்கவே இல்லை. எனக்கு ஆத்திரம் அந்த அம்மா மேல் பாதி, இந்த மனுஷன் மேல் பாதி. தரையில் ஒரு கல் நூல் பிசகினாலும் பெயர்த்து மறுபடி ஒட்டுகிற ஆள், சும்மா இருக்கிற வேலையையும் அதே சுத்தத்தோடு செய்து முடித்தார்.

இரண்டு மாதம் முடிந்து முதன்முதலாக எழுப்பி நிறுத்தியபோது மயங்கி நர்ஸ் மேலேயே சாய்ந்துவிட்டார். கெண்டைச்சதை இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு வாரம் வைத்து நடை பழக்கினார்கள். தசை சீக்கிரம் தேறிவிடும், எலும்பு தேற நாளாகும், ஆறு மாதத்துக்குப் பாரம் தூக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதையெல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னார்கள். டைல்ஸ் மேஸ்திரியிடம் பாரம் தூக்காதே என்றால் அவன் வேறு என்ன செய்வான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வந்த சம்பளத்தில் கட்டிங் மெஷின் வாங்கினார். பச்சை நிறம், புதுசு. முதல் தடவையாகச் சொந்தப் பொறுப்பில் ஒரு கிளினிக் மாடிப்படிக்குக் கல் பதிக்க வேலை எடுத்தார். தூக்குகிற வேலைக்கு ஓர் ஆளைப் போட்டிருந்தார். ஆறு மாதக் கெடு முடியுமுன்பே ஒரு நாள் அந்த ஆள் வரவில்லை. மேல்படி வரை நான் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். வண்டியைத் திருப்புவதற்குள் சத்தம் கேட்டது. ஒரு பெட்டியைத் தூக்கித் திரும்பியிருக்கிறார், ஒரு படி தவறியிருக்கிறது. ஒரே ஒரு படிதான். குழந்தைகள் குதித்து விளையாடுகிற உயரம். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்துவிட்டது.

"வயசானவங்களுக்குத்தான் இந்த இடத்துல ஒடையும்" என்று ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே உலோகம் வைத்துச் சேர்த்தார்கள். சேர்ந்தது, ஆனால் அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. இனிமேல் குந்தக் கூடாது என்றார் டாக்டர். கூடாது என்பது அந்த டாக்டரின் மரியாதை. முடியாது என்பதுதான் உண்மை.

நான் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கத்தினேன். அவர்கள் கத்தவில்லை. நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கூட இருந்த பெரியவர், "ஆய்வுக்கும் இந்த விபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்குன்னு உறுதியாச் சொல்ல முடியாது. படியில அவராத்தானே விழுந்தாரு?" என்றார்.

"விழுந்தது அவருதான் சார். எலும்ப மெலிய வெச்சது யாரு?"

ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு வருஷம் கழித்து எல்லாரையும் எலும்பு அளக்கக் கூப்பிட்டபோது மாப்பிள்ளையும் தாங்கித் தாங்கி நடந்து போனார். இடுப்பில் உலோகம் இருப்பதால் அளவு சரியாக வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவர் எங்கள் டைல்ஸ் கடையில்தான் இருக்கிறார். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எந்த அறைக்கு எந்தக் கல் என்று சொல்கிறார். கட்டிங் மெஷின் வீட்டில் கட்டிலுக்கு அடியில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. விற்கலாம் என்றால் தங்கை விடமாட்டேன் என்கிறாள். தெருவில் இன்னும் ராக்கெட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் தாங்கித் தாங்கி நடந்து போகும்போது அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குக் கூப்பிட்டவன் வாயை உடைக்கத் தோன்றும்.

போன மாதம் விண்வெளியிலிருந்து ஒருத்தர் இறங்கினார். அரை வருஷம் மேலே இருந்தவர். முன்னெல்லாம் இறங்கினவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்களாம். இவர் கொஞ்ச நேரத்திலேயே தானாக எழுந்து நடந்து, கேமராவைப் பார்த்துக் கையாட்டினார். எல்லாம் அந்த மெஷின் செய்த புண்ணியம். டிவியில் பார்த்தபோது மாப்பிள்ளை கைதட்டினார். நிஜமாகவே தட்டினார். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்கு ஒரு பாராட்டு விழா வைத்து, படுத்தவர்களையும் அழைத்திருந்தார்கள். போக வேண்டாம் என்றேன். கூப்பிட்டிருக்கிறார்கள், போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். எங்களை மரியாதையாக இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். சாய்ந்தால் உள்ளே அமுங்குகிற பெரிய சோபா. உட்காரும்போதே எனக்கு இது சரிப்படாது என்று தோன்றியது.

என்ஜினியர் அம்மா மேடையில் பேசினாள். திரையில் இரண்டு கோடுகள் வந்தன. மேல்கோடு மெஷின் மிதித்தவர்கள், அது நேராகப் போனது. கீழ்க்கோடு சும்மா படுத்தவர்கள், அது சரிந்து இறங்கி, ஒரு வருஷம் முடிகிற இடத்தில் மறுபடி ஏறி மேல்கோட்டோடு சேர்ந்துகொண்டது.

தங்கை என் பக்கம் சாய்ந்து, "அண்ணா, கடைசியில எல்லாருக்கும் சரியாயிடுச்சுன்னு போட்டிருக்கே. இவரு?" என்றாள்.

"இவர அளக்கலையே. அளக்காதவங்க கோட்டுல வரமாட்டாங்க" என்றேன்.

"அப்போ இவருக்குத்தான் சரியாகலன்னு எங்கதான் போட்டிருக்கு?"

மேடையில் அந்த அம்மா கீழ்க்கோட்டைக் கையால் காட்டினாள். "இந்தக் கீழ்க்கோடு இல்லேன்னா மேல்கோட்டுக்கு மதிப்பே இல்ல. எதுவும் செய்யாம படுத்திருந்து எங்களுக்கு எல்லாத்தையும் கொடுத்தவங்க இவங்க. ஒப்பீட்டுக் குழுவில இருந்தவங்க தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் எழுந்து நிக்கணும்."

அங்கங்கே ஆட்கள் எழுந்தார்கள். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. மாப்பிள்ளை ஒரு கையைச் சோபாவில் ஊன்றினார், அது அமுங்கியது. தங்கை கையை நீட்டினாள். "விடு, நானே எந்திரிக்கிறேன்" என்றார். நல்ல காலை முன்னால் வைத்து, முன் வரிசைச் சோபாவின் முதுகைப் பிடித்து, ஒருமுறை பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். மறுபடி பிடித்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது. கைதட்டல் குறைந்தது, நின்றது. எழுந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். திரையில் விண்வெளிக்காரர் இறங்கி நடக்கிற படம் ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் மாப்பிள்ளை நிமிர்ந்து நின்றார்.

"சார், உக்காருங்க சார், மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் திரும்பினார். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"இப்பத்தான் தம்பி எந்திரிச்சேன்" என்று சொல்லிவிட்டு, உட்காருவதற்காகத் தங்கையின் கையைத் தேடினார்.