பச்சைக் கதவு வரைக்கும் எழுதினேன்

வெப்சைட்டுக்குப் பெயர் பதிந்து கொடுப்பவனின் வேலையில் பாதி, விலாசம் எழுதுவதுதான். பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் படிவத்தில் நிரப்ப வேண்டும். எந்த வெப்சைட் யாருடையது என்று காட்டும் பக்கத்தில் பெயரைத் தட்டினால், நிரப்பியதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நீங்களும் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால், உத்திரமேரூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

தேடிப் போன விலாசம்

ஐயங்கார்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். மகனுக்கு வெளிநாட்டு வேலை என்று ஏதோ ஒரு வெப்சைட் நடத்துபவர்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிக்கொண்டு, பிறகு போனையே எடுக்கவில்லையாம். அந்த வெப்சைட்டின் பெயரைத் தட்டினேன். சென்னை விலாசம் ஒன்று வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் அதே தாளோடு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"அந்த எடத்துல சுடுகாடுதான் கீது சார்."

எஸ்தர் டீச்சர்

என் கையால் நிரப்பும் விலாசத்தில் பொய் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். அடுத்த மாதம் எஸ்தர் வந்தார். செய்யாற்றங்கரை காலனியில் பால்வாடி டீச்சர். ஆற்றில் மணலை அள்ளி அள்ளி, காலனி கைப்பம்பில் வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. மனு கொடுத்து அலுத்துப்போய், மணல் லாரிகளை நம்பரோடு போட்டோ பிடித்துக் கொண்டுவந்து, அவற்றைப் போட ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்.

வெப்சைட்டில் அவர் பெயரைப் போடவில்லை. படிவத்தில் போட்டேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குப் புத்தி இல்லை. காலனி வீடுகளுக்குக் கதவு நம்பர் கிடையாது. தபால்காரர் கடிதங்களை டீக்கடையிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் நம் பக்கத்து வழக்கப்படி அடையாளமும் சேர்த்தேன்: தண்ணீர் டேங்குக்கு எதிரில், பச்சைக் கதவு வீடு. படித்துக் காட்டியபோது எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க வூட்டுக்கு இவ்ளோ கரெக்டா அட்ரஸ் யாரும் எழுதுனதே இல்லண்ணா."

மரியாதை தெரிந்த மனிதர்

வெப்சைட் வந்து மூன்றாவது வாரம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். ஒரு வெப்சைட் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். முடியுமாவா? என் கடையின் வெப்சைட்டையே தட்டி, என் விலாசம் வருவதைப் பெருமையாகக் காட்டினேன். பிறகு அவரே உட்கார்ந்து தட்டினார். பிரிண்டரில் தாள் வந்தது. எடுக்கப் போனவன் அதில் 'பச்சைக் கதவு வீடு' என்ற வரியைப் பார்த்துவிட்டேன்.

அவர் கையை நீட்டினார். கிழித்துப் போட்டிருக்கலாம். எல்லாரும் பார்க்கக் கூடியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொடுத்துவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"கதவு கலர் வரைக்கும் போட்டுக்கிறாங்க, தேடுற பேஜாரே இல்ல சார்."

காலனியில்

கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். எனக்கு முன்னால் மணல்காரர்களின் ஜீப் வந்துவிட்டுப் போயிருந்தது. யாரையும் அடிக்கவில்லை. எஸ்தரின் பெண் எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று மட்டும் விசாரித்திருக்கிறார்கள். எஸ்தர் பச்சைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

வெப்சைட்டை எடுத்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார், பெண்ணைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். அப்படியானால் விலாசத்தையாவது மாற்ற வேண்டும். பொய் விலாசம் என்று யாராவது புகார் கொடுத்தால், பதிவு செய்யும் கம்பெனி வெப்சைட் பெயரையே பிடுங்கிவிடும். என் பெயரையும் என் வீட்டு விலாசத்தையும் போட்டுவிடுகிறேன் என்றேன். எனக்கும் இரண்டு பெண்கள். எஸ்தர் பச்சைக் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஒங்க வூட்டுக் கதவு இன்னா கலர்ணா?"

அன்றைக்கே என் பெயரையும் தெருவையும் கதவு நம்பரையும் உள்ளது உள்ளபடி எழுதினேன், கதவின் நீல நிறத்தை மட்டும் விட்டுவிட்டேன்.