இடது பக்கக் கதவு

எங்கம்மாவுக்கு என்னைய அடையாளம் தெரியுற இடம் இந்த ஒலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. எங்க ஊட்டுச் சாளையில, அதான் வண்டிக் கொட்டாயில, ஓடாம நின்ன ஒரு பழைய ஜீப்போட இடது பக்க சீட்டு. அந்த ஜீப்பை நானே என் கையால பிரிச்சு, தேச்சு, பெயிண்ட் அடிச்சு, புதுசாக்கித் தொலைச்சேன். வேற யார் மேலயும் பழி போட முடியாதுங்க. நான்தான்.

நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டுற பட்டறை வெச்சிருக்கேன். ஊடு சேந்தமங்கலத்துக்கு வெளிய, தோட்டத்துல. எங்கப்பா கொல்லிமலையில இருந்து பலாப்பழமும் வாழைத்தாரும் எறக்கி யாவாரம் பண்ணினவரு. மலைமேல தாரு ரோடு இல்லாத காட்டுக்குள்ள எல்லாம் போகோணும், நாலு வீலும் இழுக்குற வண்டி வேணும்னு ஒரு ஜீப்பை ஏலத்துல எடுத்தாரு. எடுக்கும்போதே அது கிழட்டு வண்டி. பச்சை பெயிண்ட் வெளுத்து, அங்கங்க துரு எட்டிப் பாக்கும். இடது பக்கக் கதவு ஏதோ மாடு முட்டினதுல உள்பக்கமா ஒடுங்கிப் போயிருந்துச்சு.

வாரம் ஒருக்கா அம்மாவும் கூட மலைக்குப் போவாங்க. அந்தக் கதவோட ஒடுக்குலதான் முழங்கையை ஊனிக்குவாங்க. கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்பும்போது அம்மாவுக்கு ஈரக்கொலை நடுங்கும். புடிச்சுக்கட்டும்னு அப்பா தன்னோட துண்டையே முன்கம்பியில முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டிருந்தாரு. சீட்டு கிழிஞ்சப்ப அம்மாவே கோணி ஊசியும் சணலும் எடுத்துத் தெச்சாங்க. அப்பாவுக்கு அதுல நெம்பப் பெருமை. வாரவிய போறவியகிட்ட எல்லாம், "எங்க ஊட்டு டெய்லரு தெச்சதுங்க"ன்னு காட்டுவாரு.

அப்பா போயி ஆறு வருசம் ஆச்சு. அன்னிக்குச் சாளையில நின்ன ஜீப்பு அப்படியே நின்னு போச்சு. எஞ்சினும் எறுகிருச்சு. அதுக்கப்புறம் அம்மாவுக்கு மறதி வந்துச்சு. மொதல்ல அடுப்புல வெச்ச பாலை மறந்தாங்க. அப்புறம் பேத்தி பேரை. அப்புறம் என்னைய. காலையில காபி கொண்டுபோய்க் குடுத்தா, முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு, "ஏனுங்க, யாரைப் பாக்கோணும்? ஊட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களே"ம்பாங்க. பெத்த தாயி கேக்குறாங்க. நீங்களா இருந்தா என்ன பதில் சொல்லுவீங்க?

ஆனா சாயங்காலம் நாலு மணியானாப் போதும், யாரும் சொல்லாமயே எந்திரிச்சுப் போய் ஜீப்புல ஏறி உக்காந்துக்குவாங்க. கதவுல முழங்கை, கையில துண்டு முடிச்சு. நான் பட்டறையில இருந்து வந்து பக்கத்து சீட்டுல ஏறினேன்னா, திரும்பிப் பாத்து, "வந்துட்டியா சாமி? உங்கய்யன் இன்னும் வரலையே, மலையில மழையா?"ம்பாங்க.

"வந்துருவாருங்கம்மா."

"சோறு தின்னியா? மூஞ்சி எப்படி வாடிக் கெடக்குது பாரு"ன்னு கன்னத்தைத் தடவுவாங்க. சில நாள் அரை மணி நேரம், சில நாள் பத்தே நிமிசம். அந்தப் பத்து நிமிசத்துக்காக, எப்பேர்ப்பட்ட லாரி ஓனர் பட்டறையில வந்து உக்காந்திருந்தாலும் அப்படியே விட்டுட்டு ஓடியாருவேன். வண்டிய விட்டு எறங்கி ஊட்டுக்குள்ள போயிட்டா மறுபடியும் நான் யாரோ எவரோ.

அது போதும்னு இருந்திருக்கலாம். எனக்குத்தான் போதலை. நிக்கிற வண்டிலயே இவ்வளவு ஞாபகம் வருதே, இதைய ஓட வெச்சு மலைக்கே கூட்டிட்டுப் போனா எல்லாமே திரும்பி வந்துராதான்னு ஒரு ஆசை. ஊட்டுல எம் சம்சாரத்துகிட்டச் சொன்னேன்.

"நல்லா இருக்குறதைய எதுக்குங்க நோண்டுறீங்க?"ன்னா.

"நல்லா இருக்குதா? எஞ்சின் செத்துக் கெடக்குது, தரைத் தகடு ஓட்டை. வண்டியப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?"னு எரிஞ்சு விழுந்தேன். எனக்கு வாய் அப்படி. அவளுக்கு வண்டியப் பத்தித் தெரியாது, வாஸ்தவம்தான். ஆனா அம்மாவைத் தெரியும்.

தை மாசம் பிரிக்க ஆரம்பிச்சேன். நாயித்துக்கிழமை முழுசும், மத்த நாள்ல பட்டறை முடிஞ்சு பொழுது சாயறவரைக்கும். எஞ்சினை எறக்கிச் சேலத்துக்கு லேத்துக்கு அனுப்பினேன். தரைத் தகடை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெல்டு வெச்சேன். முன்வீல் கியர் எறுகிப் போயிருந்துச்சு, அதைய விடுவிக்க மட்டும் மூணு வாரம் ஆச்சு. மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, தட்டித் தட்டி, ஒருநாள் டக்குன்னு அது நகந்தப்ப சின்னப் பையனாட்டம் குதிச்சேன். முப்பது வருசமா ஊரான் வண்டிக்குப் பாடி கட்டுறவன் மொதமொதலா எங்க சொந்த வண்டியத் தொடுறேன். ஒரு கீறல் இருக்கக் கூடாது, ஒரு ஒடுக்கு இருக்கக் கூடாதுன்னு வெறி புடிச்சிருச்சு.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குது. வேலை நடக்கும்போது வண்டிய ஓனர் ஊட்டு ஆளுங்க கண்ணுல காட்ட மாட்டோம். வெறும் சட்டமா நிக்கிறதைப் பாத்தா அவிய மனசு விட்டுப் போகும், கண்ணும் பட்டுரும்பாங்க. தார்ப்பாயைப் போட்டு மூடிருவோம். எல்லாம் முடிஞ்சு, மாலை போட்டு, பூசணிக்காய் வெச்சு, பூசை அன்னிக்குத்தான் பாயை இழுப்போம். ஓனர் சம்சாரம் வாயப் பொளந்து பாக்கோணும். அதுதான் எங்களுக்குக் கூலிக்கு மேல கூலி. அதே வழக்கத்தை எங்கம்மாவுக்கும் பண்ணினேன். சாளையச் சுத்தித் தார்ப்பாயைக் கட்டினேன்.

நாலு மணியானா அம்மா வந்து தார்ப்பாய்கிட்ட நிப்பாங்க. கையால தடவிப் பாப்பாங்க. "உள்ள எங்க வண்டி இருக்குதுங்க, சித்த விடுங்க"ம்பாங்க. "தயாராகுதுங்கம்மா, கொஞ்சம் பொறுங்க"ன்னு கையப் புடிச்சு ஊட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டுருவேன்.

ஒருநாள் நான் கிரீஸ் கையோட பிரேக் டிரம் கழட்டிட்டு இருக்கும்போது, எப்படியோ பாயைத் தூக்கிட்டு உள்ள வந்துட்டாங்க. வண்டி வெறும் சட்டமா நிக்குது. சீட்டு இல்லை, கம்பி இல்லை. அந்த இடது பக்கக் கதவு மட்டும் செவுத்துல சாத்தி வெச்சிருந்துச்சு. அம்மா வண்டியப் பாக்கவே இல்லை. நேரா போய் அந்தக் கதவுகிட்டத் தரையில உக்காந்தாங்க. ஒடுக்குல முழங்கையை வெச்சாங்க. "வந்துட்டியா சாமி?"ன்னாங்க.

அன்னிக்காவது எனக்கு ஒறைச்சிருக்கோணும். ஒறைக்கலை. வேலை முடியுறதுக்கு முன்னால பாத்துட்டாங்களேன்னு பதறிப்போய்க் கூட்டிட்டுப் போய் ஊட்டுல விட்டேன். திரும்பி வந்து கையத் தொடைக்க ஒரு துணி தேடினேன். கழட்டிப் போட்ட சாமானோட ஒரு துணி முடிச்சுக் கெடந்துச்சு. அவுத்துத் தொடைச்சேன். அது அப்பாவோட துண்டு. கிரீஸை எல்லாம் தொடைச்சுட்டு, அடுப்பு பத்த வைக்க ஆகும்னு வெறகோட போட்டேன். இன்னிக்கு நெனைச்சாலும் இந்தக் கையி கூசுது.

கதவோட அடித்தகடு துரு தின்னு பொடிப்பொடியா உதுந்துச்சு. ஒடுக்கு எடுக்குறதுக்குப் பதிலாப் புதுக்கதவே அடிச்சுக்கலாம்னு, மறுநாளே அதையும் கிழிஞ்ச சீட்டையும் பழைய சாமானோட ஏத்தி அனுப்பிட்டேன்.

பங்குனி தாண்டினதும் அம்மா தார்ப்பாய்கிட்ட வாரதை நிறுத்திட்டாங்க. நாலு மணிக்கு எந்திரிக்கிறதும் இல்லை. அப்பாடா, தொந்தரவு விட்டுச்சு, வேலைய ஒழுங்காப் பாக்கலாம்னு சந்தோசப்பட்டேன். ஆமாங்க, சந்தோசப்பட்டேன்.

வைகாசியில ஒரு வெள்ளிக்கிழமை காலையில பூசை. கடையில இருந்து வந்த புத்தம் புது வண்டி தோத்துப் போகும், அப்படி மின்னுச்சு. அதே பச்சைதான், தேடிப் புடிச்சு அடிச்சிருந்தேன். சீட்டுக்குப் புது ரெக்சின். கிழிஞ்ச சைலன்சருக்குப் பதிலாப் புதுசு, சத்தமே இல்லை. மல்லிகைச் சரம், நாலு வீலுக்கும் எலுமிச்சங்காய். அம்மாவுக்குப் பட்டுச் சீலை கட்டி, எம் சம்சாரம் கையப் புடிச்சுக் கூட்டியாந்தா. நான் தார்ப்பாயை ஒரே இழுப்பா இழுத்தேன்.

அம்மா பாத்தாங்க. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாங்க.

"நெம்ப நல்லா இருக்குதுங்க. புதுசுங்களா? உங்களுக்கு எந்த ஊருங்க?"

"உங்க வண்டிதானுங்கம்மா. ஏறுங்க, மலைக்குப் போலாம்"னேன்.

"ஐயோ, அடுத்தவிய வண்டில எல்லாம் நான் ஏற மாட்டனுங்க. எங்க ஊட்டுக்காரரு வண்டி இங்கதான் நிக்கும். நீங்க பாத்தீங்களா?"

எஞ்சினைப் போட்டேன். அப்பாவோட வண்டி தொண்டை கட்டினவராட்டம் கத்தும். இது முனகுச்சு. அம்மா ரெண்டடி பின்னால போனாங்க. எனக்குப் பொறுமை போயிருச்சு. எறங்கிப் போய்க் கையப் புடிச்சு இழுத்து, "இதுதான்மா! பாருங்க! இதுதான் உங்க வண்டி!"ன்னு கத்தி, தூக்காத குறையா சீட்டுல உக்கார வெச்சேன். அம்மா கம்பிகிட்டக் கையால தொழாவினாங்க. புடிக்க அங்க எதுவும் இல்லை. "என்னைய விட்டுருங்க, எங்கூட்ல தேடுவாங்க"ன்னு அழுதாங்க.

அவதான் எறக்கிக் கூட்டிட்டுப் போனா. நாலு வார்த்தை திட்டியிருந்தாத் தேவலையா இருந்திருக்கும்.

அப்புறம்தான் மரமண்டைக்கு ஏறுச்சு. எங்கம்மா அந்த வண்டியப் புதுசா ஒருநாளும் பாத்ததே இல்லை. வாங்கும்போதே வெளுத்த வண்டி, ஒடுங்கின கதவு. அந்த வெளுப்பும் ஒடுக்கும் கிழிசலும்தான் அவங்களுக்கு வண்டி. அதைய எல்லாம் நான் சொரண்டி எடுத்துட்டு, மிச்சத்துக்குத்தான் பாலீஷ் போட்டிருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா மாறுறதைப் பக்கத்துல உக்காந்து பாத்திருந்தாலாவது கூடவே பழகியிருப்பாங்க. அதையும் தார்ப்பாய் போட்டு மறைச்சேன்.

மறுநாள் சேலத்துக்கு ஓடினேன். பழைய இரும்புக் கடைக்கார பாய்கிட்டத்தான் என் பட்டறைச் சாமான் எல்லாம் போகும். வெசயத்தைச் சொன்னதும் மனுசன் கைலியை மடிச்சுக் கட்டிட்டு என்கூடக் குவியலுக்குள்ள எறங்கிட்டாரு. வெய்யில்ல ரெண்டு பேரும் தகரத்தைப் பொரட்டினோம். சீட்டு கெடைக்கலை, அது எப்பவோ போயிருச்சு. கதவு மட்டும் அடியில கெடந்துச்சு, அதே ஒடுக்கோட. காசு எடுத்தேன். "அம்மாவுக்குன்னு சொல்லிட்டு என்கிட்டக் காசை நீட்டுறீங்களே, போங்க சார்"னு கதவை அவரே தூக்கியாந்து வண்டில வெச்சாரு.

புதுக்கதவைக் கழட்டி வீசிட்டு அதைய மாட்டினேன். மின்னுற வண்டில துருப்புடிச்ச கதவு. பாக்கச் சகிக்கலை. நாலு மணிக்கு அம்மாவை நைஸாப் பேசிக் கூட்டியாந்தேன். அம்மா கதவைப் பாத்ததும் நின்னாங்க. கிட்டப் போய் ஒடுக்கைத் தடவினாங்க. மூஞ்சி அப்படியே தெளிஞ்சுது. வந்துட்டியான்னு கேக்கப் போறாங்கன்னு, நான் சொல்ல வேண்டிய பதிலை வாய்க்குள்ள வெச்சிட்டு நிக்கிறேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாங்க. அவ்வளவு கோவமா நான் அவங்களைப் பாத்ததே இல்லை.

"இது எங்க வண்டிக் கதவு. உங்க வண்டிக்கு எப்படி வந்துச்சு? எங்க வண்டியப் பிரிச்சு வித்துட்டீங்களா? அந்த மனுசன் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"அம்மா, நான்..."

"பேசாதீங்க. எம் பையன் வரட்டும். நாமக்கல்லுல பட்டறை வெச்சிருக்கான். அவனுக்குத் தெரியாத வண்டியே இல்லை. எங்க வண்டி எங்க இருந்தாலும் அவன் கொண்டாந்துருவான்."

அதுக்கப்புறம் அம்மா சாளைப் பக்கமே போறதில்லை. நாலு மணியானா வெளிக்கேட்டுகிட்ட ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்குறாங்க. அப்பாவைக் கேக்குறதும் இல்லை. நாமக்கல் ரோட்டையே பாத்துட்டு இருக்காங்க. நான் வெளிய போற மாதிரிப் போயி, பட்டறைச் சட்டையோட, அந்த ரோட்டுல இருந்தே நடந்து வந்து பாத்துட்டேன். நாலு தடவை வந்தேன். "உள்ள போங்க, காபி தருவாங்க"ன்னு வழிய விட்டாங்க.

இப்பெல்லாம் நானும் ஒரு சேரை எடுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்துக்குறேன். கதவுத் திருடன்ங்கிறதை மறந்துட்டாங்க, அது வரைக்கும் புண்ணியம். நேத்து ரொம்ப நேரம் என் மூஞ்சியப் பாத்துட்டே இருந்தாங்க.

"நீங்களும் தினம் வந்து உக்காருறீங்களே, யாரை எதிர்பாக்குறீங்க?"

"எங்கம்மாவைங்க."

"எங்க போயிருக்காங்க?"

"ஜீப்புல போனாங்கம்மா. இன்னும் வரலை."

அம்மா என் முழங்கையில ஒரு தட்டுத் தட்டினாங்க. "அழுவாதீங்க. எம் பையனும்தான் இன்னும் வரலை. வந்துருவாங்க"ன்னுட்டு, மறுபடியும் ரோட்டைப் பாக்க ஆரம்பிச்சாங்க.