வலப்பக்கம் இழுத்த கெப்

என்ட மனிசிக்குக் காலை உயர்த்த ஏலாமப் போனதாலதான் கெப்பை உயரம் குறைச்சுப் பதிச்சம். கிணத்தடியில வழுக்கி விழுந்து, இடுப்புக்குள்ள தகடு வைச்சுத்தான் எழும்பினவ. அந்தப் பழைய பிக்கப் வாகனம் நல்ல உயரம். அவவைத் தூக்கி ஏத்துறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கும், அவவுக்குக் கண்ணீர் வரும். மச்சானும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தத்தில வைச்சு, நாலு பக்கமும் வில்லுத்தகட்டைக் குறைச்சு, வாகனத்தை நல்லாக் கீழ இறக்கினம். எங்கட ஊர் நாவற்குடாவில சிலபேர், "என்ன, வயசு போன காலத்தில பொடியனுகள் மாதிரிச் சோக்குக் காட்டுறீங்களோ?" எண்டு பகிடி பண்ணினாங்க. பண்ணட்டும். அவ தானே ஏறி இருந்து, கதவை அடிச்சுச் சாத்தினா. எனக்கு அது போதும்.

அவவுக்குக் கெப் தேவைப்பட்டது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். மாதம் ஒருக்கா வாகரைக்குப் போகவேணும். அங்கதான் எங்கட மகளைக் கடல் கொண்டுபோனது. அப்ப நாங்க அங்க குடியிருந்தம். சுனாமி வந்த அண்டைக்கு நான் மீன் ஏத்திக்கொண்டு டவுனுக்குப் போயிட்டன். அவ பிள்ளைட கையைப் பிடிச்சுக்கொண்டு ஓடியிருக்கா. தண்ணி அடிச்ச அடியில பிடி விட்டுட்டு. மகள்ர உடம்பு கூடக் கிடைக்கல்ல. "நான் கைய விட்டுட்டன்" எண்ட சொல்லு அதுக்குப் பிறகு எங்கட வீட்டை விட்டுப் போகவே இல்ல. சாப்பிடக்குள்ளயும் சொல்லுவா, உடுப்புக் காயப்போடக்குள்ளயும் சொல்லுவா. அந்தக் கரையில பாலையும் பூவையும் விட்டுட்டு வந்தாத்தான் கொஞ்ச நாளைக்கு நித்திரை கொள்ளுவா.

பதிச்ச பிறகு போன முதல் பயணம். வாகரைக்குக் கிட்ட ஒரு மதகு கிடக்கு. அதின்ர ரெண்டு பக்கமும் தார் இறங்கிக் குழிஞ்சுபோச்சு. முன்சில்லு அந்தக் குழியில விழுந்த உடன, நான் ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சிருக்க, கெப் வெட்டெண்டு வலப்பக்கம் இழுத்திச்சு. கடல் இருக்கிற பக்கம். "ஐயோ!" எண்டு திருப்பி எடுத்தன். அவ பயப்படல்ல.

"இஞ்ச பாருங்க, இழுக்கிறாள்" எண்டா. முகம் அப்பிடியே மலர்ந்து கிடந்திச்சு. அந்த முகத்தை எத்தினையோ வருசமா நான் காணல்ல.

எனக்குக் கோபம் மூக்குநுனியில நிக்கும். திரும்பி வரக்குள்ளயும் அதே மதகடியில வலப்பக்கம்தான் இழுத்திச்சு. இப்ப கடல் இடப்பக்கம். "பாத்தியா, இப்ப கடலை விட்டு விலகித்தானே போகுது? மகளும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" எண்டு கத்திட்டன்.

அவ அமைதியா, "போகக்குள்ள வாங்க எண்டு இழுக்கிறாள். வரக்குள்ள வீட்ட போங்க எண்டு தள்ளுறாள்" எண்டா. நான் கியரை மாத்திக்கொண்டு ஓட்டினன்.

அதுக்குப் பிறகு மதகு கிட்ட வந்தாலே அவ சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருப்பா. கெப் இழுக்கும். "வாறம் மனே, வாறம்" எண்டு மகளுக்குச் சொல்லுவா. குழிக்குள்ள மெதுவா இறக்கினா அவ்வளவா இழுக்காது. ஆனா அவவின்ர முகத்தைப் பாத்திட்டு மெதுவாப் போக எனக்கு மனம் வரல்ல. அப்பிடி ஓடின ஒருநாள் எதிர்ப்பக்கத்தால பஸ் வந்திச்சு. இழுத்த இழுப்பில அதின்ர பாதைக்குள்ள போயிட்டம். பஸ்காரன் மண்ணுக்குள்ள இறக்கி எடுத்ததால உயிர் தப்பினம். அவன் இறங்கி வந்து ஏசின ஏச்சை இங்க எழுத ஏலா. அவன் ஏசினது நியாயம்.

டவுனில, சில்லு நேரா நிக்குதா எண்டு எலைன்மென்ட் பாத்தாங்க. எல்லாம் சரியாம். நிக்கிற வாகனத்தை அளந்தாச் சரியாத்தான் காட்டும். பிறகு தன்னாமுனையில தெரிஞ்ச ஒரு தம்பியின்ர கராஜுக்குக் கொண்டுபோனன். அவவும் விடாம வந்து கதிரையில இருந்தா. தம்பி ஸ்டீயரிங்கைக் கயித்தால இறுக்கிக் கட்டினார். முன்சில்லு ரெண்டையும் கிறீஸ் பூசின தகட்டில நிப்பாட்டினார். அவரும் நானும் முன் பம்பரில ஏறி நிண்டு அமத்தினம். உள்ளுக்கு ஆருமில்ல, ஸ்டீயரிங் கட்டுப்பட்டுக் கிடக்கு, சில்லு ரெண்டும் மெல்ல வலப்பக்கம் திரும்பிச்சு. நாங்க இறங்கினா நேராகுது.

"கெப் இழுக்கிறது இதாலதான் அண்ணன்" எண்டு, ஸ்டீயரிங் பெட்டியில இருந்து சில்லுக்குப் போற கம்பியைக் காட்டினார். முந்தி அது நிலத்துக்குச் சமனாக் கிடந்த கம்பி. நாங்க வாகனத்தை இறக்க, பெட்டிப் பக்கம் கீழ போய்க் கம்பி சரிஞ்சிட்டு. குழியில விழுந்து இன்னும் அமரக்குள்ள, கம்பி பெட்டிப் பக்கம் இழுபட்டுச் சில்லையும் திருப்புது. "கெப்பைப் பதிச்சீங்க, கம்பியைப் பாக்க மறந்திட்டீங்க."

"அப்ப இழுக்கிறது கம்பியா, தம்பி?" எண்டு அவ கேட்டா.

அவருக்கு எங்கட கதை தெரியா. "ஓம் அக்கா, கம்பிதான். இண்டைக்கே சரிசெய்து தாறன்" எண்டார்.

அவ என்னைப் பாத்து, "கைவைக்க வேணாம் எண்டு சொல்லுங்க" எண்டா.

"விசரா உனக்கு? ஒருத்தியைக் குடுத்தது காணாதா? உன்னையும் குடுக்க என்னால ஏலா!" கராஜ் முழுக்கக் கேட்கக் கத்தினன். கத்தினதோட எனக்கு அழுகையும் வந்திட்டு. தம்பி பாவம், அங்கால திரும்பி நிண்டு எதையோ தேடினார். அவ கதிரையைப் பிடிச்சு எழும்பி, "சரி, செய்யட்டும்" எண்டா.

கம்பியின்ர சில்லுப் பக்க மூட்டு மேலால பூட்டியிருந்தது. அதைக் கழட்டி, ஓட்டையை மறுபக்கத்தால கடைஞ்சு, கீழால பூட்டினார். கம்பி திரும்பவும் சமனா வந்திட்டு. பம்பரில ஏறி நிண்டு பாத்தம். சில்லு அசையல்ல.

அடுத்த மாதம் போனம். மதகு வந்திச்சு. அவ வழமை போல நிமிர்ந்து இருந்தா. கெப் குழியில விழுந்து எழும்பி, நூல் பிடிச்ச மாதிரி நேராப் போயிட்டு. அவ தன்ட வலக்கையை விரிச்சுப் பாத்தா.

"இண்டைக்கு அவள் கைய விட்டுட்டாள்" எண்டா.

கரையில பாலை விடக்குள்ள கடலையும் பாக்கல்ல. நான் செய்தது சரிதான், ஆனா அவவின்ர முகத்தைப் பாக்க என்னால ஏலாமப் போச்சு.

வரக்குள்ள பாதை வெறிச்சோடிக் கிடந்திச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு வாகனம் இல்ல. மதகடிக்கு வந்த உடன என்ட கை தானா ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ச்சிட்டு. தானா எண்டு சொல்றது பொய். வேணுமெண்டுதான் திருப்பினன்.

அவ வெளிய பாத்தபடி, "அது நீங்க" எண்டா.

"ஓம், நான்தான்."

"தெரியும். அவள் இவ்வளவு மெதுவா இழுக்கமாட்டாள்."

அதுக்குப் பிறகு ஏறாவூர் தாண்டுமட்டும் என்ட சேட்டுக் கையைப் பிடிச்சபடியே வந்தா.