குவியலுக்குப் போகும் காகிதம்

ஜனவரி 31: தீ 14, மூட்டை 3.
பிப்ரவரி 28: தீ 9, மூட்டை 21.
மார்ச் 31: தீ 4, மூட்டை 38.
ஏப்ரல் 30: தீ 1, மூட்டை 52.

இரும்புக் கம்பியை மக்கும் சருகுக் குவியலின் நடுவிலிருந்து உருவித் துடைத்துவிட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார் தையல்காரம்மா. "நல்லா சுடுது சார். வேலை நடக்குது." நேரம் காலை ஆறு இருபது. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவால் குவியலின் உயரத்தையும் அளக்கிறார். நாற்பத்தொரு அங்குலம். நேற்று நாற்பத்திரண்டு.

மேலே உள்ள கணக்கு எங்கள் தெருவுடையது. மாதத்தில் எத்தனை முறை தோட்டக் குப்பை எரிந்தது, எத்தனை மூட்டையை எரியவிடாமல் இவர் காலிமனையிலிருக்கும் இந்தக் குவியலுக்கு இழுத்து வந்தார் என்பது. என் ஜன்னலிலிருந்து இரண்டும் தெரியும். ஜனவரித் தீயில் இரண்டு நான் வைத்தவை. அவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

அவர் கணவர் பெயின்டர். முப்பது வருடம் பெயின்ட் தூசியையும் தின்னர் நெடியையும் இழுத்த மார்பு. தெருக்கோடியில் சருகு புகைந்தால் போதும், பேச்சு நின்றுவிடும். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திண்டாடுவார். அதனால் யாராவது சருகு கூட்டும் சத்தம் கேட்டால் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சாக்கோடு கிளம்பிவிடுவார்.

"பொண்ணு கேக்க வந்தவ மாதிரி வாசல்ல நிக்கிறியேம்மா" என்பார் எதிர்வீட்டு மெக்கானிக்.

"ஆமாண்ணே. வெட்டின புல்லையும் சேத்தே அனுப்பிடுங்க."

காய்ந்தது மூன்று கூடை, பச்சை ஒரு கூடை. இது அவர் அளவு. தடித்த கிளைகள் அடியில், காற்றுப் போக. குச்சிகளை மழுங்கிய பழைய கத்தரியால் நறுக்குவார். பருத்தித் துண்டு போகும், நைலான் போகாது. காகிதம் எது கைக்கு வந்தாலும் நாடா அகலத்துக்குக் கிழிந்து உள்ளே போய்விடும். ஒருமுறை மின்சார பில்லே போயிருக்கிறது.

ஏப்ரல் 6 அன்று வெளியூரிலிருக்கும் மனைக்காரர் அனுப்பிய கடிதமும் அப்படித்தான் போனது, உறையைப் பிரிக்காமலே. அதிலிருந்து பதினாறாம் நாள் மண் அள்ளும் இயந்திரத்தோடு அவருடைய மேஸ்திரி வந்து நின்றார்.

"பதினஞ்சு நாள்ல காலி பண்ணச் சொல்லி ஓனர் லெட்டர் போட்டாரேம்மா. பாக்கலியா?"

தையல்காரம்மா முழங்கைவரை குவியலுக்குள் கைவிட்டுத் துழாவினார். தபால் தலையின் ஒரு மூலை வந்தது. "மிச்சம் மண்ணாயிடுச்சுண்ணே."

மேஸ்திரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மே பத்து வரைக்கும் பொறுத்துக்கறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

குவியல் போகப்போகிறது என்ற செய்தி தெரு முழுக்கப் பரவியது. இனி மூட்டை கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று மெக்கானிக் அன்று மாலையே சருகுக்குத் தீ வைத்தார். ஏப்ரல் மாதத்தின் ஒரே தீ அதுதான். பெயின்டருக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம்.

மே முதல் தேதி தையல்காரம்மா மனைக்காரருக்கு எழுதினார். என் நோட்டிலிருந்து அந்த நான்கு வரிகளை நகலெடுத்துத் தரச் சொன்னார். கூடவே மக்கிய மண் ஒரு பிடி, பாலித்தீன் உறையில் கட்டி. "நாறுதுன்னு யாரோ வத்தி வெச்சிருப்பாங்க. அவரே மோந்து பாக்கட்டும்."

பதில் வந்தபோது நான் அங்கேயே இருந்தேன். இந்த முறை பிரித்தார். உதடு அசைய இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். 'மண் கிடைத்தது. வீட்டில் ரோஜாத் தொட்டிக்குப் போட்டுவிட்டார்கள். நான் வீடு கட்டத் தொடங்கும்வரை குவியல் இருக்கட்டும். எனக்கு இரண்டு மூட்டை எடுத்து வையுங்கள்.'

திருப்பிக் கொடுத்ததும் அதை நாடா அகலத்துக்குக் கிழிக்கத் தொடங்கினார்.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க! நாளைக்கு மேஸ்திரி வந்து நின்னா எதைக் காட்டுவீங்க?"

"அதான் நீங்க தேதியோட எழுதி வெச்சிருப்பீங்களே சார்" என்றபடி கடைசித் துண்டையும் கம்பியால் உள்ளே குத்தித் தள்ளினார்.

கடிதம் வந்த தேதி: மே 9.