உள்ளே வெளிச்சமாக இருந்ததா?

தொண்ணூற்றாறு டிசம்பரில் ஒரு சாயங்காலம், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டி.வி. கடை வாசலில் நின்றபோதுதான் அந்த ஆசை என்னைப் பிடித்தது. கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏற வந்தவன், மழைக்கு அங்கே ஒதுங்கினேன். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கலர் டி.வி.யில் ஏதோ வெளிநாட்டுச் சானல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வெளியே கேட்கவில்லை. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஒருவர் பவளப்பாறைகளுக்கு மேலே மிதந்து போய்க்கொண்டிருந்தார். மஞ்சளும் நீலமுமாக மீன்கள் அவரைத் தேர் பார்க்க வந்த கூட்டம் மாதிரிச் சூழ்ந்துகொண்டன. மேலிருந்து வெயில் கம்பு கம்பாக உள்ளே இறங்கியது. அந்த ஆளுக்கு எந்த அவசரமும் இல்லை.

என் பஸ் வந்து போனது. அடுத்ததும் போனது. மழை விட்டது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு எதையும் முழுதாகச் செய்து பழக்கமில்லை. பி.எஸ்ஸி. முடித்த பிறகு டைப்ரைட்டிங் பாதி, இந்தி பாதி, கிடார் கால்வாசி. அதனால் 'கடலுக்கடியில் போய்ப் பவளப்பாறை பார்க்கப்போகிறேன்' என்று வீட்டில் சொன்னபோது அப்பா பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

"ஏலே, மேல இருக்கதையெல்லாம் பாத்து முடிச்சிட்டியோ?" என்றார். அவ்வளவுதான்.

என் கல்லூரி நண்பன் அதைவிட மோசம். அவன் கடற்கரை ஊர்க்காரன். அப்பா, சித்தப்பா எல்லோரும் வள்ளத்தில் போகிறவர்கள். நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதைக் கேட்டுவிட்டு டீயை உறிஞ்சினான்.

"எங்க அப்பா பொழுதன்னைக்கும் கடல்லதான் கெடக்காரு. ஒருநாளாவது கரைக்கு வந்து, 'லே மக்கா, கடலு எம்புட்டு அழகு தெரியுமா'ன்னு சொன்னதில்ல. வலையில மீனு இருக்கா இல்லையா, அதான் பேச்சு. நீ என்னடான்னா மீனப் பிடிக்காம சும்மா பாத்துட்டு வரணுங்குத!"

சிரித்தானே தவிர, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே அட்லஸோடு வந்துவிட்டான்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடியறையில் திட்டம்தான். லட்சத்தீவில் ஒரு தீவில் காற்று உருளை கட்டி முங்கும் ஸ்கூபா சொல்லித்தருகிறார்கள் என்று தெரிந்தது. கொச்சியிலிருந்து கப்பல். அனுமதி வாங்காமல் கால் வைக்க முடியாது. காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். ஒரு தீவில் பயிற்சியை முடித்து, பக்கத்துத் தீவுகளுக்கும் போய், ஒரு மாதம் தங்கி வருவது என்று முடிவு செய்தோம். தென்மேற்குப் பருவமழையில் அங்கே கடல் கலங்கிவிடும் என்பதால், அது ஓய்ந்த பிறகு அக்டோபர் என்று குறித்தோம். நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். நண்பன் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற ஒருவரிடமிருந்து, ஓரம் வெடித்த கறுப்பு ரப்பர் வைத்த முகக்கண்ணாடி ஒன்றை வாங்கிவந்தான்.

சித்திரையில் தாமிரபரணி கணுக்கால் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் தடுப்பணைக்குக் கீழே ஒரு கசம் உண்டு. ஆற்றில் ஆழமான இடத்துக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பேர். அதில்தான் என் பயிற்சி. இடுப்பில் கயிறு, மறுமுனை நண்பன் கையில். கயிற்றை ஒருமுறை இழுத்தால் 'நலம்', இரண்டு முறை இழுத்தால் 'தூக்கு'.

"நான் என்ன ஆட்டுக்குட்டி மேய்க்கவா வந்திருக்கேன்?" என்று கரையிலிருந்து கத்துவான்.

கோடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முங்கினால் கூழாங்கல், பாசி, என் கால்விரலைக் கொத்த வரும் கெண்டைக்குஞ்சு எல்லாம் தெரியும். மூச்சுப் பிடிப்பதும் கூடிக்கொண்டே வந்தது. இதில் மட்டும் நான் பாதியில் நிற்கவில்லை. ஊரில் எனக்குப் பெயர் விழுந்தது. டீக்கடை அண்ணாச்சி, தலையைத் துவட்டிக்கொண்டு வரும் என்னைப் பார்த்து, "என்ன வே, பவளம் ஏதும் ஆப்புட்டுச்சா? எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு மாலைக்கு வேணும்" என்பார். கடையே சிரிக்கும். நானும் விடமாட்டேன். "அண்ணாச்சி, இந்தக் கண்ணாடியப் போட்டா தண்ணிக்கடியில ஊசி கெடந்தாலும் தெரியும்" என்று அளப்பேன்.

ஆனி மாதம் மலையில் மழை தொடங்கி, ஆற்றில் புதுவெள்ளம் வந்தது. நாங்கள் இறங்குவதை நிறுத்திவிட்டோம். அந்த மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். ஞாயிறானதால் நண்பன் வந்திருந்தான். மாடியில் வரைபடத்தை விரித்துப்போட்டு, எந்தத் தீவுக்கு முதலில் போவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம். டீக்கடை அண்ணாச்சி.

"தம்பி, ஒம்ம கண்ணாடிய எடுத்துட்டு ஓடியாரும்! கல்யாணத்துக்கு வந்த பய ஒருத்தன் ஆத்துல போயிட்டான்."

ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்த பெண் வீட்டார். பந்தி முடிந்ததும் நாலைந்து இளைஞர்கள் குளிக்கப் போயிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீர்தானே என்று நடந்திருக்கிறார்கள். மணல் அள்ளிய குழி ஒன்று அங்கே இருந்தது. மேலே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் அது தெரியாதே; முன்னால் போனவன் உள்ளே போய்விட்டான்.

நாங்கள் போனபோது கரை நிறைய ஆட்கள். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டு, வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் சிலர் ஏற்கெனவே முங்கித் தேடிக் களைத்திருந்தார்கள். படியில் ஒருவர் சரிகை வேட்டியோடு தண்ணீரையே பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர்தான் தகப்பனார் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. "பையன் இல்லாம வீட்டுக்கு வரமாட்டேன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிக்காரத் தம்பி வந்தாச்சு, வழி விடுங்க. உள்ள ஊசி கெடந்தாலும் தெரியுமாம்" என்றார் அண்ணாச்சி. அவர் கேலி செய்யவில்லை. என் வாயிலிருந்து வந்ததை அப்படியே நம்பிச் சொன்னார். தகப்பனார் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சந்தித்த பிறகு, கலங்கிய தண்ணீரில் கண்ணாடியால் ஒரு பயனும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நண்பன் என் இடுப்பில் கயிறு கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். "பைய லே, பைய. இழுப்பு கூடுதலாருந்தா ரெண்டு தடவ இழு. எடுத்துருவேன்."

முங்கினேன். கண்ணாடிக்கு வெளியே செம்மண் நிறம். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் அதுவும் போய்விட்டது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். காதுக்குள் இரைச்சல். கையால் தடவினேன். மணல், வேர், மறுபடி மணல். மேலே வந்தேன்.

"என்ன தெரியுது?" என்று கரையிலிருந்து நாலைந்து குரல். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முங்கினேன். மறுபடியும். எத்தனை தடவை என்று தெரியாது. ஒரு தடவை, குழியின் சரிவில் என் விரல்களுக்குள் துணி வந்தது. பிடித்து இழுத்தேன். துணிக்குள் கனம் இருந்தது.

விட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். கயிற்றை இழுத்தேனா என்பதுகூட நினைவில்லை. நண்பன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். என்னோடு அவனும் தண்ணீரில் குதித்தான். இரண்டாவது தடவை இருவரும் சேர்ந்து பிடித்தோம். வேட்டி ஏதோ வேரில் சிக்கியிருந்தது. கல்யாணத்துக்காக எடுத்த புது வேட்டி. அதை அவிழ்க்கும்போது அந்தப் பையனின் கை என் கையில் பட்டுக்கொண்டே இருந்தது. என் வயதுதான் இருக்கும்.

கரையில் கிடத்தியதும் எழுந்த ஓலத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பிறகு போலீஸ் வந்தது. வேன் வருவதற்காகக் காத்திருந்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் படியில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். தகப்பனார் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

"எங்க ஊர்ல ஏது தம்பி ஆறு?" என்றார், என்னைப் பார்க்காமல். "கெணறுதான். எட்டிப் பாத்தா தண்ணி கண்ணுக்கே தெரியாது. வேன்ல பாலத்தத் தாண்டும்போது கேட்டான், 'யப்பா, இம்புட்டுத் தண்ணியும் எங்கன போவுது?'ன்னு. கடலுக்குன்னேன். 'வீணால்லா போவுது'ன்னான்."

துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"உள்ள எப்படித் தம்பி இருந்துச்சு? ரொம்ப இருட்டோ?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது.

"இல்லய்யா. வெளிச்சம் இருந்துச்சு. மேலருந்து வெயிலு கம்பு கம்பா எறங்குது. சத்தமே இல்ல."

"மீனு?"

"இருந்துச்சு. மஞ்சளும் நீலமுமா, நெறைய. அதுங்க பாட்டுக்குப் போகுதுங்க வருதுங்க. அங்கன யாருக்கும் ஒரு அவசரமும் இல்லய்யா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்போது கல்யாண மண்டபத்திலிருந்து பெண்கள் தாயாரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அதுவரை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தார்களாம். அழுது ஓய்ந்து, அவர் மகனின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, தகப்பனார் குனிந்து காதருகே சொன்னது எனக்குக் கேட்டது.

"இந்தத் தம்பி உள்ள போயிப் பாத்திருக்காரு. வெளிச்சமாத்தான் இருந்துச்சாம். மீனெல்லாம் இருந்துச்சாம்."

தாயார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்பம் எம்புள்ள பயந்திருக்க மாட்டாம்லா?"

"மாட்டான்மா" என்றேன்.

இருட்டும் நேரத்தில் நண்பனைப் பஸ் ஏற்றிவிட நடந்தேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவன், "நீ சொன்னது டி.வி.யில பாத்ததுலா?" என்றான்.

"வேற என்னலே சொல்லச் சொல்லுத?"

"தப்புன்னு சொல்லல மக்கா. எங்க ஊர்லயும் கடலுக்குப் போயி வராதவங்க இருக்காங்க. அவங்க வீட்டுல யாராவது இப்படிச் சொல்லியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்." பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினான். "ஆனா நீ பாத்ததில்லலா."

அந்தக் கண்ணாடியைப் பரணில் போட்டுவிட்டேன். டீக்கடை அண்ணாச்சி இப்போது பவளம் கேட்பதில்லை. நான் போனால் கேட்காமலே டீ வருகிறது, அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. வீட்டில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது கண்ணை மூட முடியவில்லை. மூடினால் அந்த இருட்டு வந்துவிடுகிறது. கை தானாக எதையோ தடவுகிறது.

ஆவணியில் லட்சத்தீவு அனுமதிக் கடிதம் வந்தது. அப்பாதான் வாங்கிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அப்படியாவது சொல்லியிருக்கலாம்.

"போறியாலே?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலப்பா."

"யோசிச்சுச் சொல்லு. யோசிக்காம வேண்டாம்னு சொல்லிராத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

யோசித்துவிட்டேன். டி.வி. கடை வாசலில் நின்ற அன்று, அழகாக இருக்கிறதே, பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் எண்ணம். இப்போது அந்த ஆசை பெரிதாக இல்லை. ஆனால் ராதாபுரம் பக்கத்தில் ஒரு வீட்டில் இரண்டுபேர் நான் சொன்ன வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ராத்திரியில் கண்ணை மூடுகிறார்கள். நான் கொடுத்த அந்த வெளிச்சம் என்னிடம் இல்லை.

நேற்று பரணிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைத்தேன். ஆறு இப்போது தெளிந்திருக்கிறது. நண்பனுக்குச் சொல்லிவிட்டேன், வருகிற ஞாயிறு கயிற்றோடு வருவான். முதலில் அந்தக் கசத்தில் முகத்தை முக்க முடிகிறதா பார்க்கவேண்டும். அது முடிந்தால் கொச்சி, கப்பல், தீவு. அங்கே கடலுக்கடியில் உண்மையாகவே வெயில் இறங்குகிறதா, மீன்களுக்கு அவசரமில்லையா என்று நானே போய்ப் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு வந்து அந்தத் தாய் தகப்பனிடம் சொல்லவேண்டியது எதுவும் இல்லை. அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், எனக்குத்தான் இன்னும் தெரியாது.